பழைய மாஸிக்குப் புது ஹெட்லைட்: கடைக்குப் போவதற்கு முன் மீட்டரை எடுங்கள்

கேள்வி இது: "தாத்தா வாங்கிய மாஸி பெர்குசன் 1035, ஆர்.சி. புக்கில் 1972 மாடல் என்று இருக்கிறது. மூக்குக்கு இரண்டு பக்கமும் நிற்கும் உருண்டை ஹெட்லைட்டில் ஒன்று வேலிக்கல்லில் இடித்து நசுங்கிவிட்டது. இன்னொன்று எரிகிறது, ஆனால் மங்கல். இரண்டையும் எடுத்துவிட்டு எல்இடி போடலாமா, பழைய மாதிரியே தேடிப் போடுவதா? வீட்டிலேயே மாட்ட முடியுமா அண்ணா?"

தாராளமாக வீட்டிலேயே மாட்டலாம் தம்பி. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு முழுநாள் வேலை. ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் உறுத்தியது நசுங்கிய விளக்கு இல்லை, மங்கலாக எரியும் அந்த இன்னொரு விளக்குதான். நசுங்கியதற்குக் காரணம் தெரியும். மங்கலுக்குக் காரணம் தெரியாமல் புது விளக்கு வாங்கினால் அதுவும் மங்கலாகத்தான் எரியும். பல வருடமாகப் பழைய டிராக்டர்களைப் பிரித்துப் பூட்டுகிறேன். வெளிச்சம் போதவில்லை என்று வந்த வண்டிகளில் விளக்கிலேயே கோளாறு இருந்தது குறைவு. எர்த் (கரண்ட் வண்டியின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி), வயர், சுவிட்ச் இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண மீட்டர் போதும். ஹெட்லைட்டை எரியவிட்டு, எஞ்சினை ஓட்டாமல், பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து வோல்ட் பாருங்கள். பிறகு விளக்கின் பின்பக்கம் ஹோல்டரில், கரண்ட் வரும் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

என் சொந்த மாஸியில் முதல்முறை பார்த்தபோது பேட்டரியில் 12.6 வோல்ட், விளக்கில் 9.8. நடுவில் 2.8 வோல்ட் எங்கேயோ தொலைந்திருந்தது. இழை பல்புக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று பலருக்குத் தெரிவதில்லை. மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறையாது, முப்பது சதவீதம் போலக் குறையும். 9.8 வோல்ட்டில் அந்த பல்பு தர வேண்டிய வெளிச்சத்தில் பாதிகூடத் தராது, மஞ்சள் பூத்த மாதிரி எரியும். மீட்டரின் ஒரு கம்பியை விளக்கின் உடம்பிலும் இன்னொன்றை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தேன். 1.7 வோல்ட் காட்டியது. அங்கே பூஜ்யம்தான் வர வேண்டும். பிராக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், யாரோ முன்பு பெயிண்ட் அடித்தபோது போல்ட்டைக் கழற்றாமலே அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். உள்ளே துரு, வெளியே சிவப்பு பெயிண்ட். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரும்பு வெளியே தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு ஸ்டார் வாஷரை வைத்து இறுக்கினேன். பல்பை மாற்றவே இல்லை. அன்று சாயங்காலம் வரப்பில் நின்று பார்த்தபோது, எதிரே இருந்த தென்னை மரத்தின் அடியில் தேங்காய் மட்டை கிடப்பது தெரிந்தது. அதுவரை அந்த விளக்கில் மரம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

எர்த் கோளாறைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, மீட்டரே வேண்டாம். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து, எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் உடம்பில் தொடுங்கள். தொட்டவுடன் வெளிச்சம் கூடினால் எர்த் சரியில்லை. பிரைட் போட்டால் சைடு லைட்டும் சேர்ந்து லேசாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் துடிக்கிறது, இதெல்லாமும் அதே வியாதிதான். போக வழி இல்லாத கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாக வழி தேடுகிறது.

சரி, இனி உங்கள் வண்டியைப் பற்றி. மாஸி பெர்குசனை நம் ஊரில் தயாரித்த டாஃபே நிறுவனம் 1960-ல் சென்னையில் தொடங்கியது. 1035-ன் பூர்வீகம் பிரிட்டனில் ஓடிய மாஸி பெர்குசன் 35. அந்த 35-களில் பலவற்றில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின், நம் ஊரில் அதே வம்சத்தின் சிம்ப்சன் எஞ்சின். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எஞ்சினோடு சேர்ந்து அந்தக் காலத்து பிரிட்டிஷ் எலக்ட்ரிகல் பழக்கங்களும் வந்தன. பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ, அதன் கரண்ட்டைக் கட்டுப்படுத்த ஒரு கட்டவுட் பெட்டி, லூகாஸ் முறையில் வயருக்கு நிறம். ஒரிஜினல் வயரிங் மிச்சம் இருந்தால் நிறத்தைத் துடைத்துப் பாருங்கள். பிரைட்டுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம்முக்கு நீலத்தில் சிவப்புக் கோடு, சைடு லைட்டுக்கும் பின் விளக்குக்கும் சிவப்பு, எர்த்துக்கு கறுப்பு, பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு. ஐம்பது வருடத்தில் யார் யாரோ கை வைத்திருப்பார்கள் என்பதால் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பழக்கங்களில் ஆளைக் கவிழ்க்கக்கூடியது ஒன்று உண்டு: பாசிட்டிவ் எர்த். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் உடம்போடு சேர்த்திருப்பார்கள். உங்கள் வண்டி எப்படி என்று பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உடம்புக்குப் போகும் தடித்த கேபிள் எந்த முனையிலிருந்து வருகிறது? மைனஸிலிருந்து என்றால் கவலை இல்லை. பிளஸ்ஸிலிருந்து என்றால் சாதாரண பல்புக்கும் சாதாரண ரிலேவுக்கும் (சொற்பக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்) ஒன்றும் ஆகாது, அவற்றுக்குத் திசை கிடையாது. எல்இடிக்கு உண்டு. சிவப்பு வயரை உடம்பிலும் கறுப்பு வயரைச் சுவிட்சிலும் கொடுத்தால் எரியும் என்று நினைப்போம். ஆனால் சில மலிவான எல்இடி விளக்குகளில் கறுப்பு வயர் உள்ளுக்குள்ளேயே அலுமினிய உடம்போடு சேர்ந்திருக்கும். அதை இரும்பு பிராக்கெட்டில் மாட்டிச் சுவிட்சைப் போட்ட நொடியில் ஷார்ட். மாட்டுவதற்கு முன் மீட்டரில் கறுப்பு வயருக்கும் விளக்கின் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவது டீசல் வண்டியில் பெரிய வேலை இல்லை. பேட்டரியைத் திருப்பி வைக்க வேண்டும், அம்மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும், அப்புறம் டைனமோவுக்குப் புதுத் திசையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கட்டவுட் பெட்டியில் எஃப் என்று எழுதிய முனையிலிருந்து வயரைக் கழற்றி, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை இழுத்து, அந்தக் கழற்றிய வயரின் நுனியில் ஓரிரு நொடி இரண்டு மூன்று தடவை தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும். அவ்வளவுதான். இதை எஞ்சின் ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்துவிட வேண்டும். செய்யாமல் ஓட்டினால் டைனமோ தலைகீழாகக் கரண்ட் கொடுத்து கட்டவுட்டின் முனைகள் கருகிவிடும்.

எந்த விளக்கு என்பதற்கு வருவோம். இதைத் தீர்மானிப்பது ஆசை இல்லை, டைனமோதான். பழைய டிராக்டர் டைனமோக்களில் 11 ஆம்பியர் மட்டும் கொடுக்கும் வகையும் உண்டு, 22 ஆம்பியர் வகையும் உண்டு. அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது மட்டும். ஸ்லோவில் நிற்கும்போது டைனமோ ஒன்றுமே கொடுக்காது, விளக்கு முழுக்க பேட்டரியைத் தின்றுதான் எரியும். இப்போது கணக்குப் போடுங்கள். இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் எச்4 ஹாலோஜன் பல்பு பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55. இரண்டு விளக்கு பிரைட்டில் 120 வாட், அதாவது 10 ஆம்பியர். பின் விளக்கும் உழவு விளக்கும் சேர்த்தால் 13, 14 ஆகிவிடும். 11 ஆம்பியர் டைனமோவால் தாங்காது. ராத்திரி முழுக்க உழுதுவிட்டுக் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரியைக் குறை சொல்பவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

டைனமோ இருக்கும் வண்டிக்கு நான் சொல்வது பழைய மாதிரி 45/40 வாட் பல்பு. அடியில் வட்டத் தகடு இருக்கும், பி45டி ஹோல்டர் என்று கேட்டால் பழைய கடைக்காரர்களுக்குத் தெரியும். இரண்டும் பிரைட்டில் ஏழரை ஆம்பியர், டிம்மில் ஏழுக்கும் குறைவு. எர்த்தும் வயரும் சரியாக இருந்து முழு வோல்ட் போய்ச் சேர்ந்தால், இந்தப் பல்பின் வெளிச்சமே மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிக்கு நிறைவாக இருக்கும். ஏற்கெனவே யாராவது ஆல்டர்னேட்டர் மாற்றிப் போட்டிருந்தால் எச்4 ஹாலோஜன் தாராளமாகப் போடலாம்.

எல்இடியை நான் வேண்டாம் என்று சொல்பவன் இல்லை. கரண்ட் குறைவு, சஸ்பென்ஷனே இல்லாத வண்டியின் அதிர்ச்சியைத் தாங்கும், டைனமோவுக்குச் சுமை இல்லை. ஆனால் எல்இடி என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருள் விற்கிறார்கள், இதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவதுதான் தப்பு. ஒன்று, பழைய ஹெட்லைட்டுக்குள்ளேயே ஹாலோஜன் பல்பு இருந்த இடத்தில் செருகும் எல்இடி பல்பு. இதைத் தயவுசெய்து போடாதீர்கள். ஹெட்லைட்டின் உள்ளே ஒளியைத் திருப்பும் பளபளப்பான கிண்ணம், ஒரு மெல்லிய இழை குறிப்பிட்ட புள்ளியில் எரியும் என்று கணக்கிட்டுச் செய்தது. எச்4 பல்பின் உள்ளே டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது கீழே போகும் ஒளியை மறைத்து, கிண்ணத்தின் மேல்பாதியில் மட்டும் படவிடுகிறது, அதனால்தான் டிம் வெளிச்சம் கீழ்நோக்கி விழுகிறது. எல்இடி பல்பில் ஒளி வரும் இடமும் வடிவமும் வேறு. வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். உங்கள் பார்வைக்குப் பிரகாசமாகத் தெரியும், எதிரே பைக்கில் வருபவருக்கு ஒன்றுமே தெரியாது.

இரண்டாவது, முழு விளக்காகவே வரும் ஏழு அங்குல எல்இடி. கண்ணாடி, கிண்ணம், உள்பாகம் எல்லாம் ஒரே துண்டு, பிரைட் டிம் தனித்தனி. இது நல்ல பொருள். பழைய ஓட்டுக்குள் (விளக்கின் தகட்டுக் கூடு) உட்கார்ந்தால் வெளியிலிருந்து பார்க்க வண்டியின் முகமும் மாறாது. ஆனால் பின்பக்கம் சூடு தணிக்கும் அலுமினியக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும், ஓட்டின் ஆழம் போதுமா என்று அளந்து வாங்க வேண்டும். மூன்றாவது, சதுரமாகவோ பட்டையாகவோ வரும் வேலை விளக்கு. அது வயலுக்கு மட்டும். அதற்கு டிம் கிடையாது, ரோட்டில் எரியவிடக்கூடாது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்கின்றன. டிராக்டருக்கு விலக்கு எதுவும் இல்லை. வேலை விளக்கு போட்டால் அதற்குத் தனி சுவிட்ச் வையுங்கள், ஹெட்லைட்டோடு சேர்க்காதீர்கள். பெட்டியில் 100 வாட் என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். கடையிலேயே ஒரு பேட்டரியில் கொடுத்து ஆம்பியர் பாருங்கள். 12.6 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் அது 19 வாட் விளக்கு.

அளவைப் பற்றி. வாங்கப் போகும்போது பழைய விளக்கைக் கையில் எடுத்துப் போவதைவிட நல்ல வழி இல்லை. முடியாவிட்டால் கண்ணாடியின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், வெளி வளையத்தை அளக்க வேண்டாம். 178 மி.மீ. என்றால் ஏழு அங்குலம். அம்பாசடர், ஜீப் எல்லாம் அந்த அளவு என்பதால் எந்த ஊரிலும் கிடைக்கும். 146 மி.மீ. என்றால் ஐந்தே முக்கால் அங்குலம், கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். சென்னைப் பக்கம் போகிற வேலை இருந்தால் புதுப்பேட்டையில் பழைய ஓடு, வளையம், பிராக்கெட் எல்லாம் தோண்டி எடுக்கலாம். நசுங்கிய ஓட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்துத் தகடு கனமானது. நல்ல டிங்கரிங்காரர் உள்ளே மரக்கட்டை கொடுத்துத் தட்டி எடுத்துவிடுவார். இப்போது புதிதாக வரும் ஓடுகள் பல மெல்லிசு. இரண்டு சேற்று உழவு முடிவதற்குள் பிராக்கெட் அடியில் விரிசல் விடும்.

கண்ணாடியில் இன்னொன்று கவனிக்க வேண்டும். நாம் இடதுபக்கம் போகிறவர்கள். அதனால் நம் ஊர் விளக்கின் டிம் ஒளி இடது ஓரமாகக் கொஞ்சம் மேலேறும், வலதுபக்கம் தாழ்ந்திருக்கும். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செய்த விளக்கை வாங்கிவிட்டால் அது தலைகீழ், எதிரே வருபவரின் முகத்துக்கே மேலேறும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் வாங்கும்போது இது நடக்கிறது.

இனி வேலை. பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். மற்ற முனையை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் உடம்பில் பட்டால் ஷார்ட். எர்த்தை எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வையுங்கள். துரு கழற்றும் ஸ்ப்ரே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் டீசலும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டாலும் வேலை நடக்கும். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு பொட்டு அசைத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள், நேரே கழற்றப் போனால் முறியும். விளக்கின் அடியில் ஒரு கிண்ண வடிவ வாஷர் இருக்கும். விளக்கை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பி நிறுத்த உதவுவது அதுதான். புது விளக்கோடு அது பெரும்பாலும் வராது, பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

விளக்கு ஓடு முழுவதையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, அப்புறம் நிறம் அடியுங்கள். உள்பக்கமும் அடிக்கலாம், எர்த் உட்காரும் இடத்தை மட்டும் டேப் ஒட்டி விட்டுவிடுங்கள். கிண்ணத்தின் உள்பக்கத்தைத் துணியால் துடைக்கவே கூடாது. அந்தப் பளபளப்பு மெல்லிய பூச்சு, ஒரு துடைப்பில் ஆயிரம் கீறல் விழும். ஊதி எடுங்கள், அவ்வளவுதான். ஓட்டின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர் போகிறதே என்று அதை எம்சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அது தண்ணீர் உள்ளே வருவதற்கு இல்லை, உள்ளே சேரும் ஈரம் வெளியே போவதற்கு. அடைத்தால் கண்ணாடிக்குள் வியர்த்து, ஒரு மழைக்காலத்தில் கிண்ணம் கறுத்துவிடும்.

வயரிங்தான் இதில் உயிர். பழைய வயரின் மேல் துணி உறை பொடிந்திருந்தால், அல்லது வளைத்தால் பச்சைத் தூள் கொட்டினால், ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். ஹெட்லைட் வயர் எல்லாவற்றையும் புதிதாக இழுத்துவிடுங்கள், பத்துப் பன்னிரண்டு மீட்டர் வயர்தான் ஆகும். கரண்ட் எடுக்கும் இடத்திலிருந்து ரிலேவுக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.), ரிலேவிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் 1.5 ஸ்கொயர். எர்த்துக்கு விளக்கு ஓட்டையும் பிராக்கெட்டையும் நம்பாமல், ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக ஒரு கறுப்பு வயர், அதுவும் 2.5, எஞ்சின் உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்தில் போல்ட்டில் இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலைன் தடவிவிட்டால் துரு ஏறாது.

ரிலே ஏன் என்று கேட்பீர்கள். இப்போது விளக்குக்குப் போகும் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக, பிரைட் டிம் சுவிட்ச் வழியாக, சுற்றி வளைத்துப் போய்ச் சேர்கிறது. ஐம்பது வருட சுவிட்சின் பித்தளை முனை கறுத்திருக்கும், வோல்ட்டில் ஒரு பகுதி அங்கேயே சூடாகிப் போய்விடும். ரிலே போட்டால் சுவிட்ச் வழியாகப் போவது ரிலேவை இழுக்கும் சொற்பக் கரண்ட் மட்டும். பழைய சுவிட்சையே வைத்துக்கொள்ளலாம், அது இனி சூடாகாது. நான்கு முனை ரிலே இரண்டு வாங்குங்கள், பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. 30 என்ற முனைக்கு ஃபியூஸ் வழியாக கரண்ட், 87 விளக்குக்கு, 85-லும் 86-லும் ஒன்று எர்த், ஒன்று பழைய சுவிட்சிலிருந்து வரும் வயர். 30-க்கு கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதில் மட்டும் டைனமோ வண்டிக்கும் ஆல்டர்னேட்டர் வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. ஆல்டர்னேட்டர் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டிலிருந்து எடுக்கலாம். டைனமோ என்றால் கட்டவுட் பெட்டியில் ஏ, ஏ1 என்று இரண்டு முனை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏ1-லிருந்து எடுங்கள். அந்த வழியாகப் போகும் சுமையைத்தான் பெட்டி உணர்ந்து டைனமோவை முடுக்கும். நேரே பேட்டரியிலிருந்து எடுத்தால் விளக்கு எரிவது பெட்டிக்கும் தெரியாது, அம்மீட்டரும் தப்புக் காட்டும்.

ஃபியூஸ் விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்று இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து வேலை பார்த்தேன். ஹெட்லைட் வயரை அம்மீட்டரிலிருந்து நேரே இழுத்திருந்தார்கள், நடுவில் ஃபியூஸ் இல்லை. நானும் பார்த்துக் கேட்கவில்லை. சம்பா உழவின்போது ஒரு ராத்திரி, பானெட் ஓரத்தில் தகட்டின் ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் உரசி உரசி உறை தேய்ந்த வயர் இரும்பில் பட்டது. டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. எஞ்சினை நிறுத்தினாலும் வயர் எரிவது நிற்கவில்லை, பேட்டரி கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இருட்டில் ஸ்பேனர் தேடி கேபிளைக் கழற்றுவதற்குள் முழு வயரிங்கும் ஒரே கட்டியாக உருகிவிட்டது. டீசல் டேங்க் அதற்கு மிக அருகில் இருந்தது என்பதை இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று, தலா 15 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் கரண்ட் எடுக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பு இல்லை.

வயரை நெளி டியூபுக்குள் விட்டு இழுங்கள். எலி கடிப்பதற்கும் அது கொஞ்சம் தடை. தகட்டின் ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள், என் வயரிங் எரிந்தது அப்படி ஒரு ரப்பர் இல்லாத ஓட்டையில்தான். சைலன்சர் பக்கம் விடாதீர்கள். பானெட்டைத் தூக்கும்போது இழுபடாமல் ஒரு சாண் தளர்வு விடுங்கள்.

பல்பு மாட்டும்போது, எச்4 என்றால் அகலமான காது மேலே வர வேண்டும். ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடையுங்கள். பின்னால் இருக்கும் மூன்று முனையில் எது பிரைட், எது டிம் என்ற சந்தேகம் வந்தால் பேட்டரியில் தொட்டு எந்த இழை எரிகிறது என்று பாருங்கள், தகடு வைத்த இழை டிம். கண்ணாடியும் வளையத்துக்குள் சுற்றிவிடாமல் நேராக உட்கார வேண்டும். மேல்பக்கக் குறி கண்ணாடியில் அச்சிட்டிருக்கும். அது சாய்ந்தால் டிம் ஒளியின் கோடும் சாயும், என்ன திருப்பினாலும் சரியாக வராது.

மாட்டி முடித்ததும் எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தை நேர் செய்வதில்தான் பாதிப் பலன். சமதளத்தில், டயர் காற்று சரிபார்த்து, ஒரு வெள்ளைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் போட்டால் ஒளியின் மேல் ஓரம் அந்தக் கோட்டுக்கு 20 செ.மீ. கீழே விழ வேண்டும். விளக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், 10 மீட்டருக்கு 20 செ.மீ. இறங்கும் ஒளி 50 மீட்டரில் தரையைத் தொடும். டிராக்டர் வேகத்துக்கு அது ஏழு நொடி ஓட்டம், மாடோ சைக்கிளோ குறுக்கே வந்தாலும் நிறுத்தப் போதும். ஒரு விளக்கைச் சாக்குப்பையால் மூடிவிட்டு மற்றதைச் செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து எரிந்தால் எது எங்கே விழுகிறது என்று தெரியாது.

இதில் ஒன்றை விட்டுவிடுவார்கள். வெறும் வண்டியில் நேர் செய்த விளக்கு, டிரெய்லர் மாட்டியதும் வானத்தைப் பார்க்கும். கரும்போ நெல் மூட்டையோ ஏற்றிய டிரெய்லர் கொக்கியை அழுத்தும்போது பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும். நீங்கள் ராத்திரி ரோட்டில் போவது பெரும்பாலும் பாரத்தோடு என்றால், பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டி நிறுத்தியே நேர் செய்யுங்கள். வெறும் வண்டியில் கொஞ்சம் கிட்டத்தில் விழுந்தால் நஷ்டமில்லை. டிரெய்லர் மாட்டினால் டிராக்டரின் பின் விளக்கு மறைந்துவிடும் என்பதால், டிரெய்லரின் பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்குக்கும் இதே நாளில் ஒரு வயர் இழுத்துவிடுங்கள். சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். முன்னால் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும், விளக்கில்லாமல் இருட்டில் நிற்கும் கரும்பு டிரெய்லரைப் பின்னால் வரும் பைக்காரர் கடைசி நொடியில்தான் பார்ப்பார்.

வயலுக்கென்று கூடுதல் விளக்கு போடுவதாக இருந்தால், தலைக்கு மேலே கூரையில் மாட்டுவதை யோசித்துச் செய்யுங்கள். புழுதி உழவில் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வெளிச்சம் தூசியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெள்ளைத் திரை கட்டியது போல இருக்கும். மூக்கின் தாழ்வான இடத்தில் இருக்கும் பழைய ஹெட்லைட்டுகள் அந்த நேரத்தில் நன்றாக உதவும். பின்னால் கலப்பையைப் பார்க்க மட்கார்டில் ஒரு சின்ன எல்இடி, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையாகப் பார்த்துப் போடுங்கள். நீலம் தூக்கலான வெள்ளைக்குப் பூச்சி மொய்ப்பது அதிகம், நடவு நேரத்தில் வாய்க்கால் ஓரம் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

முதல் பத்து மணி நேரம் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். புது பெயிண்டும் புது ரப்பரும் அமுங்கியிருக்கும், விளக்கு கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும். இறுக்கிய பிறகு சாக்பீஸ் கோட்டின் முன்னால் மறுபடி ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். மீட்டர் அளவு, பேட்டரி முனை, கண்ணாடி விட்டம் இந்த மூன்றையும் பார்த்துச் சொன்னால், உங்கள் வண்டிக்கு எந்த பல்பு, எந்த ஹோல்டர் என்று சரியாகச் சொல்கிறேன்.